நெல்லுக்குக் கல் உரமாகுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், மேற்கே கல்வராயன் மலை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதைப் பார்க்கலாம். அடிவாரத்தில் கோமுகி அணை. அணைக்குக் கீழே நெல்லும் கரும்பும் மரவள்ளியும். ஊரை ஒட்டிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வழியில் டிப்பர் லாரி ஒன்று முந்திப் போனால் சாம்பல் நிறத் தூசி கிளம்பி, சாலையோரப் புளிய இலையெல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். கல் உடைக்கும் கிரஷர்களிலிருந்து வரும் தூசி அது.

போன ஆடி மாதம், நாற்றங்காலுக்குச் சேறு கலக்கிக்கொண்டிருந்த மாமா அந்தத் தூசியைக் காட்டித்தான் கேட்டார். "ஏம் மாப்ள, கிரஷர்ல மல மாதிரி குமிச்சு வெச்சிருக்கான் பாரு பவுடரு, அத வயல்ல அடிச்சா பொட்டாஷே வாங்க வேணாமாம். போன்ல ஒருத்தன் சொல்றான். நெசமா?"

உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உரச் செலவில் கழுத்து முறியும் ஒரு விவசாயியிடம் பொய் நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது. அவருக்கு உதவக்கூடிய ஒன்றை ஏளனமாகத் தள்ளிவிடவும் கூடாது.

முதலில் கணக்கு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் சாம்பல் சத்து 30 கிலோ. மத்திய, நீண்ட கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொதுவாகச் சொல்லும் அளவு, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50 கிலோ. ஏக்கருக்கு என்றால் 60, 20, 20. இனிக் கல்லைப் பார்ப்போம். நம் பக்கத்து நைஸ், சார்னோகைட் கற்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு பொட்டாசியம் ஆக்சைடு இருப்பது சாதாரணம். மூன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் தூளில் 30 கிலோ. ஒரு மூட்டை பொட்டாஷில் உள்ள அதே அளவு! ஒரு யூனிட் தூள் நாலரை டன் தேறும். அதாவது நாலரை மூட்டைக்குச் சமம். போனில் பேசியவர் சொல்லும் கணக்கு இதுதான். கூட்டலில் பிழை கிடையாது.

ஆனால் பயிருக்குச் சத்து கல்லுக்குள் இருந்தால் போதாது, தண்ணீரில் கரைந்து வேருக்குப் போக வேண்டும். பொட்டாஷ் உப்பு நீரில் பட்டதும் கரையும். கல் எத்தனை நாளில் கரையும்? சம்பா நெல்லுக்கு இருப்பதோ நாலரை மாதம்.

கனிமங்கள் தண்ணீரில் கரையும் வேகத்தை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். 1984-இல் அன்டோனியோ லசாகா என்ற புவிவேதியியலாளர் அந்த வேகங்களை வைத்து, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணி ஒன்று முழுதாகக் கரைய எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சுண்ணாம்பு நிறைந்த ஃபெல்ட்ஸ்பாருக்கு நூறாண்டு சொச்சம். பைராக்சீன்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாருக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள். வெங்கச்சாங்கல் எனப்படும் குவார்ட்ஸுக்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. சாம்பல் சத்து மிகுதியாக உள்ள பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் மிக மெதுவாகக் கரைகிறது. வேகமாகக் கரையும் கறுப்புக் கற்களான பசால்ட்டும் டோலரைட்டும் சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு ஆகியவற்றை வைத்திருக்கின்றன; சாம்பல் சத்து அவற்றில் மிகக் குறைவு. கொடுக்கும் மனமுள்ள கல்லிடம் பொட்டாஷ் இல்லை, பொட்டாஷ் உள்ள கல்லுக்குக் கொடுக்கும் மனம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பயோடைட் என்னும் கறுப்பு மைக்கா. ஆற்றுமணலில் வெயில் பட்டுப் பளபளக்குமே, சிறுவயதில் தங்கம் என்று பொறுக்கினோமே, அந்தக் காக்காப்பொன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் பொட்டாசியம் ஏடுகளுக்கு நடுவே சொருகி வைத்ததுபோல் இருக்கிறது. முழுக்கல்லும் கரையத் தேவையில்லை. ஏடு சற்று விரிந்தாலே பொட்டாசியம் வெளியே வந்துவிடும், மிச்சம் வெர்மிகுலைட்டாக மாறி நிற்கும். வேர்களே இந்த வேலையைச் செய்யும். ஆகையால் "கல்தூள் உரமாகுமா" என்ற கேள்வியையே "எந்தக் கல்லின் தூள்" என்று திருத்திக் கேட்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு நைசான தூள். ஒரு மில்லிமீட்டர் மணியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உடைத்தால் ஆயிரம் துணுக்கு ஆகிறது, தண்ணீர் தொடும் பரப்பு பத்து மடங்காகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, மாமா வீட்டுத் திண்ணையில் இரண்டு கண்ணாடி பாட்டில்களில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒன்றில் ஒரு கைப்பிடி கிரஷர் பவுடர். இன்னொன்றில் ஏரியிலிருந்து எடுத்துக் காய வைத்த கரம்பை மண், அதே ஒரு கைப்பிடி. இரண்டையும் குலுக்கி வைத்தேன். பவுடர் போட்ட பாட்டிலில் பத்து எண்ணுவதற்குள் முக்கால் பங்கு சரேலென்று அடியில் இறங்கிவிட்டது. அது வெறும் மணல். அதன் மேல் மெல்லிய சாம்பல் படலம் ஒன்று மட்டும் சாயங்காலம் வரை மிதந்து அடங்கியது. கரம்பை பாட்டிலோ மறுநாள் காலையிலும் டீ நிறத்தில் கலங்கலாகவே நின்றது. பவுடர் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பவுடரே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயிருக்கு ஏதாவது தரக்கூடியது அந்த மெல்லிய சாம்பல் படலம்தான்.

கல்லைப் பயிருக்குப் போடும் யோசனை இன்று நேற்று வந்ததில்லை. 1890-களில் ஜெர்மானியரான ஜூலியஸ் ஹென்சல், கல்லிலிருந்து ரொட்டி என்று தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார். கிரானைட்டை மாவாக அரைத்துப் போட்டால் செயற்கை உரமே வேண்டாம் என்பது அவர் கட்சி. அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்தவர் அவர். அதனாலேயே வேளாண் வேதியியலாளர்கள் அவரையும் அவருடைய கல்தூளையும் சேர்த்து ஒதுக்கினார்கள். நிதானமாகப் பேசியவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிரில் ஹாப்கின்ஸ். 1910-இல் நிலவளம் பற்றி எழுதிய நூலில், மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் நிலங்களுக்குச் சுண்ணாம்புக்கல் தூளும் அமிலத்தில் கரைக்காத பாஸ்பேட் பாறைத்தூளும் போட்டு, பயறுவகைப் பயிரை மாற்றிப் பயிரிட்டால் மண் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும் என்று சொன்னார். தழைச்சத்துக்குப் பயறு, மற்றதற்குக் கல். கல்லில் தழைச்சத்து கிடையாது என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. இன்று கல்தூள் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்ல வேண்டிய செய்தியும் அதுவே: யூரியாவின் வேலையை எந்தக் கருங்கல்லும் செய்யாது.

நம் ஊரிலும் கல் உரத்துக்கு நூறாண்டுக் கதை உண்டு. 1906-இல் பாரி நிறுவனம் இராணிப்பேட்டையில் தொடங்கிய சூப்பர் பாஸ்பேட் ஆலையே இந்தியாவின் முதல் உர ஆலை. பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் நனைத்து, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும்படி செய்வதே சூப்பர் பாஸ்பேட். ஆக, நாம் வாங்கும் மணிச்சத்து மூட்டையும் கல்தான். காலம் செய்ய வேண்டிய வேலையை அமிலம் செய்திருக்கிறது. திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண் படிவுகளில் பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கின்றன. கடல் அங்கே இருந்த காலத்தின் மிச்சம். ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் பெரிய பாஸ்பேட் சுரங்கம் இருக்கிறது. ஆயினும் நாட்டின் தேவையில் பெரும்பகுதிக்கு மொராக்கோ, ஜோர்டான், எகிப்து என்று கையேந்துகிறோம். பொட்டாஷ் கதை இன்னும் மோசம், ஏறக்குறைய முழுதும் இறக்குமதி. 2022-இல் உக்ரைன் போரும் பெலாரஸ் மீதான தடைகளும் சேர்ந்து வந்தபோது பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. எங்கோ நடக்கும் சண்டைக்குக் கச்சிராயபாளையத்தில் மேலுரம் வைக்காமல் விட்டார்கள். கல்லைத் திரும்பிப் பார்க்க வைப்பது இந்த வலிதான்.

பாறைத்தூளை நேரடியாகப் போட்டுப் பார்த்ததில் நமக்கு மிக நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 1971-இல் அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவளையில் அப்பட்டைட் என்னும் பாஸ்பேட் பாறை பெரிய அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை அரைத்துத் தேயிலைக்கும் ரப்பருக்கும் தென்னைக்கும் போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர்கள், புளிப்பேறிய மலைமண், நல்ல மழை. கல் மெதுவாகக் கரைந்தாலும் காத்திருக்க அவற்றுக்கு நேரம் உண்டு. நெல்லுக்கு மட்டும் அது நேரடியாகப் பயன்படவில்லை. மூன்றரை நாலு மாதப் பயிரின் அவசரத்துக்கு அந்தக் கல் ஈடு கொடுக்கவில்லை. அதே நாட்டில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, சில மாதங்களிலேயே தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்று உரத்தின் மீது அக்கறையுள்ளவர்கள் மறக்கக் கூடாத ஆண்டு அது.

தானியப் பயிரில் நேர்மையாகச் செய்து பார்த்த சோதனைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது மேற்கு ஆஸ்திரேலியாவினுடையது. மணற்பாங்கான, சத்துக் குறைந்த நிலங்கள் அங்கே ஏராளம். கிரானைட் தூள் விற்பவர்கள் விவசாயிகளிடம் போய்ப் பேசத் தொடங்கியதும், ஆராய்ச்சியாளர்கள் கோதுமையிலும் குளோவர் தீவனப்பயிரிலும் சோதித்தார்கள். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த போலண்டு, பேக்கர் ஆகியோரின் கட்டுரை முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டது: அந்த மணல் நிலங்களில் கிரானைட் தூள் பயனுள்ள உரமல்ல. அதே காலத்தில் நார்வேயில் புல்வெளிகளில் வெவ்வேறு பாறைகளையும் சுரங்கக் கழிவுகளையும் அரைத்துப் போட்டுப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பயோடைட்டும் நெஃபலினும் உள்ள பாறைகள் பொட்டாசியத்தை ஓரளவு நன்றாகவே தந்தன. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் கைவிரித்தது. இரண்டு நாட்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணில்லை; கல் வேறு, பலன் வேறு.

சாதகமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். மொரீஷியஸ் தீவில், தமிழர்களும் கூலிகளாகப் போய் வியர்வை சிந்திய கரும்புத் தோட்டங்களில், பசால்ட் தூளை மிக அதிக அளவில் கலந்து பார்த்தார்கள். மழை கழுவிக் கழுவிச் சத்திழந்த மண்ணில் கரும்பு விளைச்சல் கூடியது என்று 1961-இல் டி வில்லியர்ஸ் எழுதினார். பிரேசிலில் நிலைமை அதற்கும் நெருக்கம். சிவந்து சத்திழந்த வெப்பமண்டல மண், பொட்டாஷுக்கு வெளிநாட்டை நம்பும் கட்டாயம். அங்கே 2013-இல் சட்டத்தைத் திருத்தி, மண்ணுக்குக் கனிமம் திருப்பித் தரும் பாறைத்தூள் என்று தனி வகையையே உரச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2016-இல் தர விதிகள் வந்தன: சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்து குறைந்தது 9 விழுக்காடு, அதில் பொட்டாசியம் ஆக்சைடு மட்டும் 1 விழுக்காடாவது இருக்க வேண்டும், தனி குவார்ட்ஸ் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. கண்ட கல்லையும் அரைத்து உரம் என்று விற்க முடியாதபடி போட்ட வேலி இது.

மக்காச்சோளத்துக்கு வந்தால், ஹாப்கின்ஸ் வேலை பார்த்த அதே இல்லினாயில் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நடந்த சோதனை உலகெங்கும் பேசப்பட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்து டேவிட் பீர்லிங் குழுவினர் நான்கு ஆண்டுகள் பசால்ட் வகைத் தூளைப் போட்டு, மக்காச்சோளமும் சோயாவும் 12 முதல் 16 விழுக்காடு கூடுதலாக விளைந்ததாக 2024-இல் எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. போட்ட அளவைப் பார்க்க வேண்டும்: ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 50 டன். நம் கணக்கில் ஏக்கருக்கு ஒவ்வொரு வருடமும் நாலரை யூனிட்டுக்குக் கிட்ட. மாமாவின் முக்கால் காணிக்கே எத்தனை லோடு அடிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குழுவின் நோக்கம் உரத்தைவிடப் பெரியது. கல் கரையும்போது காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் சேர்ந்து பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போய்விடுகிறது. பயிர்நிலங்களில் இதைப் பரவலாகச் செய்தால் ஆண்டுக்கு 50 கோடி முதல் 200 கோடி டன் வரை கரியமில வாயுவை அகற்றலாம் என்று 2020-இல் அவர்கள் கணித்தார்கள். அதிக வாய்ப்புள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அந்தக் கணிப்புதான் இங்கே பணத்தைக் கொண்டுவந்தது. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசப் பக்கம் சிறு நெல் விவசாயிகளின் வயல்களில் தக்காணத்து பசால்ட் தூளைப் பரப்பும் மாட்டி கார்பன் நிறுவனம், 2025 ஏப்ரலில், கரியமில வாயுவை அகற்றுவதற்கான எக்ஸ்பிரைஸ் போட்டியின் 5 கோடி டாலர் முதல் பரிசை வென்றது. செலவை ஈடுகட்டுவது கார்பன் வரவுகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள். டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் ஆல்ட் கார்பன் என்ற நிறுவனம் இதே வேலையைச் செய்கிறது. நெல்வயலுக்கு இது பொருந்தும் என்பதற்கு வேதியியலில் நியாயம் உண்டு: தேங்கிய நீரில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு அடைபட்டுக் கிடப்பதால் கல் கரைவதற்கான அமிலம் அங்கே கூடுதல். என் சந்தேகம் வேறிடத்தில். நிலம் விவசாயியுடையது, கரையும் கல் அவர் வயலில் கரைகிறது. கரியமில வாயுவுக்குக் கிடைக்கும் விலையில் அவர் பங்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் தமிழில், அவர் படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். இங்கே அப்படி யாராவது வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயனின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மெட்ராஸ் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893-இல் சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். உலகப் புவியியல் நூல்களில் இடம்பிடித்த தமிழ்நாட்டுக் கல் அது. ஆனால் உரம் என்று பார்த்தால், வெங்கச்சாங்கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த அந்தக் கல் மனம் இளகாத வகை. சமவெளியில் கிடக்கும் பயோடைட் நைஸ் அதைவிட மேல். திருவண்ணாமலை, திருக்கோவிலூர்ப் பக்கம் பாறைகளைச் சுவர்போல் ஊடுருவி நிற்கும் டோலரைட், பிளாக் கிரானைட் என்று ஏற்றுமதி ஆவது, பசால்ட்டின் பங்காளி. அறுக்கும் பட்டறைகளில் அதன் தூள் ஏற்கெனவே மாவாகவே கிடைக்கிறது. சாம்பல் சத்து தராது. சுண்ணாம்பும் மக்னீசியமும், சிலிக்கன் எனப்படும் மணல்சத்தும் தரும். திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில் கார்பனடைட் பாறையோடு அப்பட்டைட்டும் வெர்மிகுலைட்டும் சேர்ந்து கிடக்கின்றன. கல் உரத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன். சேலத்து டியூனைட் மிக வேகமாகக் கரையும் என்று சிலர் ஆசைப்படலாம். அதில் நிக்கலும் குரோமியமும் உண்டு. சோறு விளையும் மண்ணில் அதைக் கொட்டக் கூடாது.

மண்ணையும் பார்க்க வேண்டும். கல்தூள் வென்ற இடங்களில் பெரும்பாலும் புளிப்பேறிய, மழை அரித்த மண். கீழே ஏரிப்பாசன வயல்களில் பல இடங்களில் மண் நடுநிலையாகவோ உவராகவோ இருக்கிறது. அங்கே கல் இன்னும் மெதுவாகவே கரையும். மேலே வெள்ளிமலையைச் சுற்றி மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விதைக்கும் சரிவுகளில், மழை கழுவிய செம்மண்ணில், பலன் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. மூட்டை உரம் அதிகம் போகாத இடம், சத்து அதிகம் கேட்காத பயிர். சோதனை செய்வதென்றால் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி அந்தக் கரம்பை மண் பாட்டிலைப் பார்த்தபோது வேறொன்று புரிந்தது. கல்வராயன் மலையை அரைக்கும் கிரஷர் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் பிளக்கிறது, மழை அரிக்கிறது, கோமுகியும் மணிமுத்தாறும் உருட்டிக் கொண்டுவருகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கரைந்து, காக்காப்பொன் விரிந்து, களிமண்ணாகிப் போன கல்தான் ஏரியில் படியும் வண்டல். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக் கரம்பை அடித்த நம் பாட்டன்மார் போட்டது பதப்படுத்திய கல்தூளே. அதோடு இலைதழை மக்கும் சாணமும் மீன் எச்சமும் கலந்து வந்தன. 1965-இல் கோமுகி அணை கட்டிய பிறகு மலையிலிருந்து வரும் வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் தரும் அணை, அந்த வயல்களுக்குப் போக வேண்டிய மண்ணைத் தன் வயிற்றில் வைத்திருக்கிறது. அணையையும் ஏரியையும் தூர்வாரினால் கொள்ளளவும் கூடும், வயலுக்கு நைசான கல்தூளும் கிடைக்கும். விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அரசாணையே இருக்கிறது. அது செங்கல் சூளைக்கும் மனைக்கட்டு மேடாக்கவும் போகாமல் வயலுக்குப் போகிறதா என்று பார்ப்பதற்கு, கிரஷர் பவுடர் அடிப்பதைவிட நூறு மடங்கு அவசரம் உண்டு.

சாம்பல் சத்து எங்கே ஒழுகிப் போகிறது என்பதையும் மாமாவிடம் சொன்னேன். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலில் தங்குகிறது. காய்ந்த வைக்கோலில் 1.2 முதல் 1.7 விழுக்காடு பொட்டாசியம். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்றால் 24 முதல் 34 கிலோ. ஏக்கருக்குப் போடச் சொல்லும் சாம்பல் சத்தைவிட அதிகம்! முன்பு வைக்கோல் போரில் இருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து எருக்குழிக்கும், எருக்குழியிலிருந்து வயலுக்கும் வந்தது. இப்போது அறுவடை முடிந்த கையோடு கட்டு கட்டும் மெஷின் வந்து உருட்டி, லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பிவிடுகிறது. கட்டுக்குக் கிடைக்கும் காசைப் பார்த்தோம், கட்டுக்குள் போகும் பொட்டாஷைப் பார்க்கவில்லை. மணல்சத்தும் அதோடுதான் போகிறது. ஒரு டன் வைக்கோலில் 40 கிலோவுக்கு மேல் சிலிக்கன். நெல்லின் தாள் விறைப்பாக நிற்கவும் குலைநோயைத் தாங்கவும் உதவுவது அது. கல்தூளால் நெல்லுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய நன்மையும் இந்த மணல்சத்துதான் என்று நினைக்கிறேன். ஆனால் அரிசி ஆலைகளில் வீணாகும் உமிச்சாம்பலில் அது இன்னும் எளிதாகக் கிடைக்கிறது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் 14.5 விழுக்காடு பொட்டாஷ் உரத்தையும் 2021-இல் மத்திய அரசு மானியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சர்க்கரை ஆலை உள்ள ஊரில் இதைக் கல்லுக்கு முன்னால் கேட்க வேண்டும்.

தூளால் வரும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. நைசாக அரைத்தால்தான் பயிருக்குப் பலன். நைசாக அரைத்த குவார்ட்ஸ்தான் நுரையீரலைத் தின்னும். கிரஷரில் வேலை பார்த்து மூச்சு வாங்கி வாங்கி அடங்கியவர்களை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. வயலில் உலர்ந்த தூளைக் காற்றில் வீசுவது கூடாது. ஈரத்தோடு, எருவில் கலந்து, சேற்றில் இறக்க வேண்டும். எருவோடு சேர்ப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. மக்கும்போது வரும் அமிலங்கள் கல்லைக் கொஞ்சம் இளக்கும். வேளாண்மைத் துறை தரும் பொட்டாஷ் பாக்டீரியாவையும் அதில் கலக்கலாம், செலவு குறைவு. அதை மட்டும் நம்பி மேலுரத்தை நிறுத்தக் கூடாது. வயலில் அதன் பலன் ஊருக்கு ஊர் மாறுகிறது. சட்டமும் ஒன்று இருக்கிறது. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அட்டவணையில் உள்ளதைத்தான் உரம் என்று விற்க முடியும். கருங்கல் தூளை மூட்டை கட்டி "இயற்கை பொட்டாஷ்" என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

மாமாவிடம் நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: பொட்டாஷை நிறுத்த வேண்டாம், மண் பரிசோதனை செய்து அளவைக் குறைக்க முடியுமா என்று பார்ப்போம், வைக்கோலில் பாதியையாவது வயலில் மடக்கி உழுவோம். பவுடரை விட மனமில்லை என்றால் சோதித்துப் பார்ப்போம். அவர் கேட்டுக்கொண்டார். தெற்கு மூலையில் ஒரே அளவாக மூன்று பாத்தி பிரித்து, ஒன்றில் சல்லடையில் சலித்த பவுடரை எருவோடு, ஒன்றில் கரம்பையை எருவோடு, ஒன்றில் வெறும் எருவை மட்டும் போட்டு நட்டிருக்கிறார். மூன்றுக்கும் அதே நாற்று, அதே தண்ணீர், அதே மேலுரம். சேற்றிலேயே முளைக்குச்சி அடித்து, குச்சிக்கு ஒரு நிறமாகத் துணி கட்டி வைத்திருக்கிறார்.

"தைல அறுத்து, நெல்லு தனி வைக்கோலு தனியா தராசுல போட்ருவேன் மாப்ள. நீ வந்துடு, எழுதிக்க ஆளு வேணும்" என்றார்.

திண்ணையில் கரம்பை பாட்டில் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.